அம்மா வீட்டு வேப்பமரமும் தெருக் கம்பியும்

டொராண்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் ஊருக்கு வந்த முதல் நாள் மாலையே காற்று பலமாக அடித்தது. டியூப்லைட் மினுக்க ஆரம்பித்ததும் அம்மா எழுந்துபோய் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தார். "காத்தடிச்சா இப்படித்தாம்ப்பா" என்றார். வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். வேப்பங்கிளை தெருக் கம்பியில் உரசும்போதெல்லாம் பொறி பறந்தது. இதைப் பார்த்துக்கொண்டு அம்மா எத்தனை மாலைகள் தனியாக உட்கார்ந்திருந்தாரோ என்று மனசு கனத்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டில் யாரும் இல்லாத ஒரு நாளில் இந்த மரத்தின் உச்சியை மொட்டையாக வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். தொல்லையே அங்கேதான் தொடங்கியது. உச்சியை மொட்டையடித்தால் வேம்பு சும்மா இருக்காது. வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்விட்டு, முன்னைவிட வேகமாகக் கம்பியைத் தொடும். அந்தப் புதுக் கிளைகளுக்குப் பிடிமானமும் குறைவு, காற்றில் எளிதாக ஒடியும்.

"மரம் ஏறுற ஆள் ஒருத்தர் இருக்கார், நாளைக்கே வெட்டிடலாம்" என்றார் எதிர்வீட்டு அண்ணன். அக்கறையோடுதான் சொன்னார். ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. தெருக் கம்பியில் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட், இரண்டு ஃபேஸுக்கு இடையில் சுமார் 400 வோல்ட். பச்சைக் கிளையில் ஈரம் இருப்பதால் மரம் வழியாகவே கரண்ட் பாயும். முருங்கைக்கீரை பறிக்க இரும்புத் தொரட்டியைத் தூக்கியவர்கள் கம்பியில் பட்டு இறந்த செய்தியை நாமெல்லாரும் படித்திருக்கிறோம். கம்பியில் கரண்ட் ஓடும்போது ஒருவரை மரத்தில் ஏற்றிவிட்டு நான் கீழே நிற்க முடியாது.

மறுநாள் காலை மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்தேன். 2021-இல் தொடங்கிய சேவை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். கையில் மின் இணைப்பு எண்ணை வைத்துக்கொண்டு பேசுங்கள், அதைத்தான் கேட்பார்கள். இரண்டாம் நாள் லைன்மேன் வந்து பார்த்தார். அடுத்த வாரம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் செய்துவிடலாம் என்றார். காத்திருக்கச் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

கிளை உரசுவதைச் சின்ன விஷயம் என்று என்னால் நினைக்க முடிவதில்லை. 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹையோவில் உயர் அழுத்தக் கம்பிகள் சுமையில் சூடாகித் தொய்ந்து மரங்களில் பட்டன. அங்கே தொடங்கிய கோளாறு அடுக்கடுக்காகப் பரவி, அமெரிக்காவின் எட்டு மாநிலங்களும், டொராண்டோ இருக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணமும் சேர்ந்து சுமார் 5 கோடிப் பேருக்குக் கரண்ட் போனது. அன்று இருட்டில் வீட்டுக்கு நடந்தே போனவர்களில் நானும் ஒருவன்.

சொன்ன நாளில் நாலு பேர் வந்தார்கள். மரத்தில் கை வைக்கும் முன் லைன்மேன் போனில் "எல்.சி. குடுத்தாச்சா?" என்று உறுதி செய்துகொண்டார். எல்.சி. என்றால் லைன் கிளியர், கரண்டை நிறுத்தி வேலை செய்யத் தரும் அனுமதி. அப்புறம் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடை மாட்டினார். கரண்ட்தான் நிறுத்தியாகிவிட்டதே, இது எதற்கு என்று கேட்டேன். "எந்த வீட்லயாவது ஜெனரேட்டர் போட்டு, அது ரிவர்ஸ்ல லைனுக்கு வந்துச்சுன்னா என் ஆளு போயிடுவான் சார்" என்றார். அந்த நிதானத்தைப் பார்த்ததும் அவர் மேல் பெரிய மரியாதை வந்தது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள், வீட்டை லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் தயவுசெய்து ஓட்டாதீர்கள்.

உச்சியைத் தொடாமல், கம்பிப் பக்கம் சாயும் கிளைகளை மட்டும் அடியிலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். பெரிய கிளைக்கு முதலில் தண்டிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கீழ்ப்புறமிருந்து ஒரு வெட்டு, சற்றுத் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு, கடைசியில் தண்டோடு சேரும் இடத்தில் வளையம் போலப் புடைத்திருக்குமே, அதைக் காயப்படுத்தாமல் ஒரு வெட்டு. இப்படிச் செய்தால் பட்டை உரியாது, காயமும் மூடிவிடும். கூடவே நின்று கேட்டால்தான் இது நடக்கும். அதற்காகவே அன்று வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை.

"நம்ம மரத்தை இவங்க எப்படி வெட்டலாம்?" என்று தெருவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மின்சாரச் சட்டம் 2003-இன் 68-ஆம் பிரிவில் பதில் இருக்கிறது. கம்பிக்கு இடைஞ்சலான மரத்தை அகற்றச் சொல்லி நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்ட்ரேட்) மின் நிறுவனம் விண்ணப்பிக்கலாம். கம்பி போடுவதற்கு முன்பே அங்கே நின்ற மரம் என்றால் உரியவருக்கு இழப்பீடு உண்டு. பழைய மரம் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய கிளையெல்லாம் வாசலை அடைத்துக் கிடந்தது. அதை அள்ளுவது அவர்கள் வேலை இல்லையாம். அம்மாவே ஆடு வளர்க்கும் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார், தழை முழுவதும் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. கட்டைகளை மட்டும் மதில் ஓரம் அடுக்கி வைத்தேன்.

கிளம்புவதற்கு முன் அம்மாவின் காலண்டரில் மின்னகம் எண்ணையும் இணைப்பு எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். புரட்டாசி பிறந்ததும், மழைக்கு முன்னால், கம்பிப் பக்கக் கிளையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். போனை நான் அங்கிருந்தே செய்துகொள்வேன், அன்று மரத்தடியில் நிற்க எதிர்வீட்டு அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.