ஆயுர்வேத மருந்துகள்: நெடுநாள் பயன்பாட்டில் எது நின்றது, எது போனது

ஆயுர்வேதம் கேட்குமா என்று விசாரிப்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மருந்து, எந்த நோய்க்கு? முழங்கால் வலி, மலச்சிக்கல், குளிர்காலத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும் இருமல், அவ்வப்போது கெடும் தூக்கம் என்று எனக்கு இருப்பதெல்லாம் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு வரும் சாதாரணத் தொல்லைகள். இவற்றுக்காகப் பல வருடங்களாகக் கஷாயம், சூரணம், தைலம், குக்குலு என்ற பிசின் சேர்த்த மாத்திரை எல்லாம் எடுத்திருக்கிறேன். சில இன்னும் அலமாரியில் இருக்கின்றன. பலவற்றை விட்டுவிட்டேன். எடுத்த ஒவ்வொன்றைப் பற்றியும் என்ன ஆய்வு நடந்திருக்கிறது என்று தேடிப் படிப்பது நடுவில் தொற்றிக்கொண்ட பழக்கம். அதனால் இந்தப் பகிர்வில் என் உடம்பு சொன்னதும் ஆய்வு சொன்னதும் கலந்துதான் வரும்.

முழங்காலில் இருந்து தொடங்குகிறேன், அதிகம் செலவழித்ததும் அதற்குத்தான். மூட்டுத் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லிவிட்டார். வைத்தியர் எழுதித் தந்தது மகாராஸ்னாதி கஷாயம், யோகராஜ குக்குலு, வெளியே தேய்க்கக் கொட்டஞ்சுக்காதி தைலம். கஷாயம் 15 மில்லியோடு நான்கு பங்கு வெந்நீர் கலந்து வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் மேலே இருக்கும் தெளிவு மட்டும் வரும். அடியில் சேற்றுமாதிரி படிந்திருப்பது கடைசி நாட்களில் மொத்தமாக வந்து நாக்கில் ஒட்டும். தைலத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, துண்டும் தலையணை உறையும் மஞ்சளாகிவிடும், எந்த சோப்புக்கும் போகாது. அதற்கென்றே பழைய வேட்டி ஒன்றை ஒதுக்கிவிட்டேன்.

வலி குறைந்ததா? குறைந்தது. ஆனால் மூட்டுத் தேய்மான வலி ஒரே சீராக இருப்பதில்லை, ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரிடம் ஓடுகிறோம். அப்புறம் எதைக் குடித்தாலும், எதையும் குடிக்காவிட்டாலும், கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இறங்கிய பெருமை கையில் இருக்கும் பாட்டிலுக்குப் போய்விடுகிறது. இதற்காகத் தினமும் படுக்கும் முன் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு எண் போட்டு நோட்டில் எழுதத் தொடங்கினேன். கஷாயத்தை நிறுத்திய மாதங்களையும் குடித்த மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பொடிக்கிழி வைத்த வாரங்களில் மட்டும் எண் தெளிவாக இறங்கியிருக்கிறது. துணியில் மருந்துப் பொடியைக் கட்டி, சுடவைத்து, எண்ணெய் தடவிய முழங்காலில் தட்டித் தட்டி ஒற்றும்போது கிடைக்கும் சுகமே தனி. அந்த இறக்கம் சில நாட்களுக்கு நிற்கிறது, பிறகு பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த தொடைப் பயிற்சியும் அதே நோட்டில் இருக்கிறது. அது மெதுவாக வேலை செய்தது, ஆனால் நின்றது.

இனி ஆய்வுகள். 2013-இல் வெளியான ஒரு இந்திய ஆய்வில் முழங்கால் தேய்மானம் உள்ள 440 பேரைப் பிரித்து, சிலருக்கு ஆயுர்வேதக் கூட்டு மருந்துகள், சிலருக்கு மூட்டுக்கான சத்து மாத்திரையான குளுக்கோசமைன், சிலருக்கு வலி மாத்திரையான செலகாக்சிப் என்று 24 வாரம் கொடுத்தார்கள். இஞ்சி, சீந்தில், நெல்லி, சல்லகி என்ற மரப்பிசின் எல்லாம் சேர்ந்த கூட்டு அது. முடிவில் மூன்று பக்கமும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. விளம்பரங்களில் இந்த முடிவைப் போடுவதுண்டு. போடாமல் விடுவது இரண்டு. அந்த ஆய்வில் மருந்தே இல்லாத போலி மாத்திரை வாங்கிய குழு ஒன்று இல்லை, அதனால் மூன்றும் தம்மளவில் எவ்வளவு வேலை செய்தன என்பது தெரியாது. இன்னொன்று, ஆயுர்வேதக் குழுக்களில் ஏழு பேருக்குக் கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி ஏறியது. அவர்களுக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை, மருந்தை நிறுத்தியதும் அளவு இறங்கிவிட்டது. இரத்தம் எடுத்துப் பார்த்திருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. இதைப் படித்த பிறகுதான் கஷாயம் குடித்த காலங்களில் நான் கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டேன். எண்கள் சரியாகவே இருந்தன.

பெர்லினில் 151 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வு 2018-இல் வந்தது. எண்ணெய்ச் சிகிச்சை, உணவு, மூலிகை என்று முழு ஆயுர்வேத முறையை அங்கிருக்கும் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். மூட்டுத் தொல்லையை அளக்கும் வோமாக் அளவில் ஆயுர்வேதக் குழு 61 புள்ளி இறங்கியது, மற்றது 32. பெரிய வித்தியாசம்தான். ஆனால் தனக்கு என்ன சிகிச்சை நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவதற்கே ஒரு பலன் உண்டு என்பது என் கிழி அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு சல்லகியைத் தனியாக எடுத்துப் பார்த்த தொகுப்பு 2014-இல் வந்தது. செறிவூட்டிய சாறு 100 மில்லிகிராம் வீதம் 90 நாள் எடுத்தவர்களுக்கு 100-க்கு 17 புள்ளி அளவில் வலி குறைந்ததாக அதில் இருக்கிறது. பங்கேற்றவர்கள் குறைவு. கஷாயத்தை விட்டுவிட்டு நான் இப்போது எடுப்பது சல்லகிதான், அதுவும் வலி ஏறும் காலத்தில் மட்டும்.

யோகராஜ குக்குலுவை நிறுத்தியதற்குக் காரணம் வயிற்று உப்புசம். அதே சமயத்தில் கொழுப்புக்கும் குக்குலு நல்லது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று சொன்னார்கள். 2003-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பார்த்தேன். 103 பேர், எட்டு வாரம். போலி மாத்திரை எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு கொஞ்சம் இறங்க, குக்குலு சாறு எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. சிலருக்குத் தோலில் தடிப்பு வேறு.

ஆயுர்வேதத்தை ஆய்வுக்கு உட்படுத்தவே முடியாது, ஆளுக்கு ஆள் பிரகிருதி, அதாவது உடல்வாகு, பார்த்து மருந்து மாறும், எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுத்து எப்படிச் சோதிப்பது என்று என் வைத்தியர் அடிக்கடி சொல்வார். நியாயமான வாதம்போலத்தான் இருந்தது, கோயம்புத்தூர் ஆய்வைப் படிக்கும்வரை. முடக்குவாதம் உள்ள 43 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முடக்குவாதத்துக்கான அலோபதி மருந்து மெத்தோட்ரெக்சேட்டும் போலி ஆயுர்வேத மருந்தும், இன்னொன்றுக்கு ஆயுர்வேத மருந்தும் போலி மெத்தோட்ரெக்சேட்டும், மூன்றாவதுக்கு இரண்டுமே நிஜம். வைத்தியர்கள் ஒவ்வொரு நோயாளியையும் பார்த்துத் தங்கள் முறைப்படி ஆளுக்கேற்ற மருந்தை எழுதினார்கள், 40 மருந்துகளிலிருந்து எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். அந்த மருந்துகளுக்கெல்லாம் ஒத்த போலிகள் தயாராக இருந்தன. யாருக்கு நிஜம் போகிறது, யாருக்குப் போலி போகிறது என்பது வைத்தியருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 36 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தன. 2011-இல் வெளியானது. 43 பேர் என்பது முன்னோட்டத்துக்கு மட்டுமே போதும், இதை வைத்து மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்த யாரும் கிளம்பக் கூடாது. ஆனால் பிரகிருதியைக் கைவிடாமலே சோதிக்க முடியும் என்று காட்டிவிட்டார்கள். இதுபோல் பத்து மடங்கு ஆட்களை வைத்து ஒன்று செய்திருந்தால் என் அலமாரி எவ்வளவோ காலியாகியிருக்கும், அல்லது நிறைந்திருக்கும்.

என்னைக் கேட்டால், இத்தனை வருடத்தில் பார்த்ததிலேயே திடமானது என் மாமனாருக்கு நடந்த க்ஷார சூத்திரம் என்ற மருந்து நூல் சிகிச்சைதான். அவருக்குப் பவுத்திரம், ஆசனவாய்ப் பக்கத்தில் புரையோடும் புண். ஒருமுறை அறுவை சிகிச்சை செய்து, திரும்ப வந்துவிட்டது. நூலைப் பவுத்திரத் துளை வழியாகச் செலுத்திக் கட்டிவிடுவார்கள், வாரம் ஒருமுறை பழையதோடு புது நூலை முடிந்து இழுத்து மாற்றுவார்கள். நூல் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வர, பின்னாலேயே புண் ஆறிக்கொண்டு வரும். நூலைத் தயாரிப்பதே ஒரு பெரிய வேலை. கெட்டியான லினன் நூலில் இலைக்கள்ளிப் பாலை மட்டும் 11 முறை பூசிக் காயவைத்து, அப்புறம் கள்ளிப் பாலும் நாயுருவி உப்பும் 7 முறை, கடைசியாகக் கள்ளிப் பாலும் மஞ்சள் தூளும் 3 முறை. ஆக 21 பூச்சு. மாற்றும் நாளில் எரிச்சல் தாங்காமல் மாமனார் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டார். ஆனால் மறுநாளே எழுந்து நடந்தார், படுத்த படுக்கையாக இருக்க வேண்டியிருக்கவில்லை. பவுத்திரம் இதுவரை திரும்பவில்லை.

இது சுசுருதர் நூலில் இருக்கும் முறை. 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. ஜே. தேஷ்பாண்டேயும் அவரோடு இருந்தவர்களும் மீட்டெடுத்தார்கள். பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே பல மையங்களில் அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதித்து 1991-இல் முடிவை வெளியிட்டது. ஆற எடுத்த காலம் நூல் முறையில் 8 வாரம், அறுவையில் 4 வாரம். திரும்ப வந்தது நூல் முறையில் 4 சதவீதம், அறுவையில் 11 சதவீதம். மெதுவாக ஆறும், ஆனால் திரும்புவது குறைவு. சாதகம் பாதகம் இரண்டையும் மறைக்காமல் எண்ணில் சொல்லிவிட்ட ஆய்வு என்பதால் எனக்கு இதன்மேல் மதிப்பு. மாமனாரும் இந்த எண்களைக் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார்.

மலச்சிக்கலுக்குத் திரிபலா, இன்றும் தொடர்கிறது, இதில் சொல்ல அதிகம் இல்லை. மென்மையாக வேலை செய்கிறது. ஆனால் "இயற்கையான" என்று போட்டு விற்கும் பல மலமிளக்கிப் பொடிகளின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், ஸ்வர்ணபத்ரி என்றோ சோனாமுகி என்றோ இருக்கும். அது நிலாவாரை. நன்றாகவே வேலை செய்யும், அதன் சத்து அலோபதி மாத்திரையாகவும் கிடைக்கிறது. தினசரி பழக்கத்துக்கான பொருள் அது கிடையாது, அவ்வளவுதான். இருமல் லேகியங்களிலும் இதே கதை. அதிமதுரம் அதிகம் சேர்ந்ததைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். எனக்கு அழுத்தம் எல்லைக்கோட்டில் இருப்பதால் அதைத் தொடுவதில்லை. தூக்கத்துக்கு அமுக்கரா (அஸ்வகந்தா) எடுத்தேன். தூக்கம் கொஞ்சம் சீக்கிரம் வந்த மாதிரி இருந்தது. சிறிய ஆய்வுகளும் அந்த அளவுக்குத்தான் சொல்கின்றன. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

கீழாநெல்லியைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். மஞ்சள் காமாலைக்கு எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அதுதான் கொடுத்தார்கள், எல்லோரும் குணமானார்கள். ஹெபடைடிஸ் ஏ வகைக் காமாலை சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும் என்பதால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஹெபடைடிஸ் பி வேறு விஷயம். 1988-இல் சென்னையில் தியாகராஜனும், அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்கும் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது, போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் வரவில்லை. முதல் ஆய்வை இன்றுவரை மேடையில் சொல்கிறார்கள்.

சீந்திலில் பிரச்சினை வேறு. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று எல்லோரும் குடித்தார்கள், நானும் குடித்தேன். 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை எழுதினார்கள். அடுத்த வருடம் பல மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வந்தது. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, அது வேறு செடியாக இருக்கலாம் என்றது. வேறு செடி சீந்தில் என்ற பெயரில் கடைக்கு வருகிறது என்றால் வாங்கிக் குடிப்பவனுக்கு அதில் என்ன ஆறுதல்? நான் நிறுத்திவிட்டேன்.

ஒரு சிகிச்சை மையத்தில் பெயரில்லாத பொட்டலங்களில் பொடி கொடுத்தார்கள். என்ன மருந்து என்று எழுதித் தரக் கேட்டதற்கு, அது குரு வழி ரகசியம் என்றார்கள். பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன், கட்டிய பணம் திரும்பக் கிடைக்கவில்லை. பயம் உலோகத்தைப் பற்றியது. 2008-இல் ஜாமாவில் வந்த ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உலோகம் சேர்த்தே செய்யும் ரசசாஸ்திர மருந்துகளில் அது 40 சதவீதத்துக்கும் மேல். இந்தியாவில் மூலிகை மருந்துக்கு ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்று வரம்பு இருக்கிறது. வரம்பு இருப்பதும் கையில் இருக்கும் பாட்டில் அதற்குள் இருப்பதும் வேறு வேறு.

அதனால் சல்லகி மாத்திரை வாங்கும் கம்பெனிக்கு பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதினேன். எதிர்பார்க்கவில்லை, ஆய்வகத் தாளை அனுப்பிவிட்டார்கள். நான்கு உலோகமும் வரம்புக்குள், தேதியும் கையெழுத்தும் இருந்தன. திரிபலா வாங்கும் கம்பெனிக்கும் அதேபோல் எழுதியிருக்கிறேன். இரண்டாவது நினைவூட்டலுக்கும் பதில் வரவில்லை, அந்த டப்பா முடிந்ததும் வேறு கம்பெனிக்கு மாறப் போகிறேன்.