விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் வேண்டிய வானிலை ஆங்கிலம்: நாலு வழியில் எது உங்களுக்கு?

ஏஎல் முடித்துவிட்டு விமானியாகவோ விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகவோ வர நினைக்கும் பிள்ளைகள் இப்போது இலங்கையின் கிழக்கில், நம் கல்லடியிலும் இருக்கிறார்கள், கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிறார்கள். கணிதமும் பௌதிகவியலும் நன்றாக ஓடுகிற பிள்ளைக்குக்கூட ஆங்கிலத்தில், அதிலும் வானிலை பற்றிப் பேச வேண்டிய இடத்தில், நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இதை எப்படிப் படிப்பது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்: சொற்பட்டியலைப் பாடமாக்கு, மெட்டார் எனும் விமான நிலைய வானிலை அறிக்கையை வாசி, ரேடியோ வாசகங்களை மனப்பாடம் செய், பதிவுகளைக் கேள். நாலுமே இலவசமாகவோ குறைந்த செலவிலோ கிடைக்கிறவைதான், ஆனால் நாலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: மெட்டாரில் தொடங்குங்கள், அதே நாளில் வாய்விட்டுப் பேசவும் தொடங்குங்கள், சொற்பட்டியலைக் கடைசிக்கு வையுங்கள்.

ஏன் பட்டியல் கடைசிக்கு? சர்வதேசப் பறப்பில் ஈடுபடும் விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோ வைத்திருக்கும் ஆங்கிலத் தேர்ச்சி அளவுகோலில் 6 நிலைகள் உண்டு, குறைந்தது 4ஆம் நிலை வேண்டும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், தடங்கலில்லாத பேச்சு, விளங்கிக்கொள்ளல், உரையாடும் திறன் என்று 6 விடயங்களைத் தனித்தனியாகப் பார்த்து, அதில் ஆகக் குறைந்தது எதுவோ அதைத்தான் உங்கள் நிலையாக எழுதுவார்கள். சொல்வளத்தில் 6 வாங்கி, பேச்சில் 3 வாங்கினால் நீங்கள் 3ஆம் நிலைதான். அப்படியிருக்க, மூன்று மாதம் பட்டியலை மட்டும் உருப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பட்டியலில் இன்னொரு சிக்கல், அது பெரும்பாலும் அகர வரிசையில் இருக்கும். புளோயிங் ஸ்னோவும் புரோக்கன் கிளவுட்டும் அடுத்தடுத்து வரும், எது அன்றாடம் வேண்டியது எது எப்போதாவது வருவது என்று பிள்ளைக்குத் தெரியாது. அதற்காக நம் நாட்டில் பனி ஏது என்று ஐசிங்கைத் தள்ளிவிடாதீர்கள். நம்முடைய வானத்திலும் ஏறத்தாழ 16,000 அடிக்கு மேலே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போய்விடும், அந்த உயரத்தில் ஈரமான மேகத்துக்குள் நுழைந்தால் இறக்கையில் பனிக்கட்டி படியும். அந்தச் சொல் இங்கேயும் வேண்டும்.

இப்போது மெட்டார். ஒரு விமான நிலையத்தின் அந்த நேரத்து வானிலையை வழக்கமாக அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு தடவை ஒரே வரியில் சுருக்கித் தருவது அது. இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். நம்மவர்கள் எல்லாரும் கட்டுநாயக்கவைத்தான் திறப்பார்கள், விசிபிஐ என்று அடித்தால் வரும். அது நல்லதுதான், ஆனால் அங்கே தென்மேல் பருவத்தில் மழை கொட்டும்போது இங்கே கிழக்கில் கச்சான் காற்று அடித்து முற்றம் காய்ந்து கிடக்கும். வடகீழ் பருவத்து வானத்தைப் படிக்க வேண்டுமென்றால் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையையும் சேர்த்துப் பாருங்கள், குறியீடு விஓஎம்எம். திருச்சி விஓடிஆர். மார்கழி மழையில் நம் வீட்டுக் கூரையில் கேட்பதற்குக் கிட்டத்தட்ட ஒத்த வானிலையைத்தான் அந்த வரிகளில் காண்பீர்கள்.

ஒரு வரியின் துண்டை எடுத்துக்கொள்வோம், இது பயிற்சிக்காக நானே எழுதியது: 04018ஜி30கேடி 2000 டிஎஸ்ஆர்ஏ பிகேஎன்012. முதல் மூன்று இலக்கம் காற்று வரும் திசை, 040 பாகை, அதாவது வடகிழக்கு, நம்முடைய வாடை. அடுத்து 18 நொட்ஸ் சராசரி வேகம், கேடி என்பது நொட்ஸ், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல். ஜி என்றால் கஸ்ட், இடையிடையே 30 வரை எகிறுகிறது. சராசரியைவிட 10 நொட்ஸோ அதற்கு மேலோ கூடினால்தான் பொதுவாக அதைப் போடுவார்கள். 2000 என்பது மீற்றரில் பார்வைத் தூரம். டிஎஸ்ஆர்ஏ, இடிமின்னலோடு மழை. பிகேஎன்012, 1,200 அடியில் வானத்தின் எட்டில் 5 முதல் 7 பங்கு வரை மேகம். எட்டில் 1, 2 பங்கு என்றால் ஃபியூ, 3, 4 என்றால் ஸ்கேட்டர்ட், முழுக்க மூடினால் ஓவர்காஸ்ட். இப்படி ஒவ்வொரு சொல்லும் ஓர் எண்ணோடு கட்டப்பட்டிருப்பதால்தான் நான் மெட்டாரை முதலில் வைக்கிறேன். சனவரிக் காலையில் அம்பாறை வயல்வெளியில் நிற்கும் வெண்மூட்டத்தைப் பார்த்து ஃபொக்கா மிஸ்டா என்று தடுமாறத் தேவையில்லை. 1,000 மீற்றருக்குக் குறைந்த தூரமே தெரிந்தால் ஃபொக், 1,000 முதல் 5,000 வரை மிஸ்ட். அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கிற புகைக்கு ஸ்மோக், அதற்குத் தனிக் குறியீடு உண்டு.

குறையும் இருக்கிறது. மெட்டார் கண்ணுக்கானது, அதை வாசித்து வாசித்தே இருந்தால் வாய் திறக்காது. அப்புறம், அது விமான நிலையத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பற்றித்தான் சொல்லும். 30,000 அடியில் பறக்கிறவர் தனக்கு முன்னால் வளர்ந்துகொண்டு போகும் மேகக் கோபுரத்தைப் பற்றி வானொலியில் சொல்ல வேண்டியதை மெட்டார் கற்றுத்தராது.

அதற்குத்தான் மூன்றாவது வழி, வகுத்து வைத்த ரேடியோ வாசகங்கள். மோசமான மேகத்தைச் சுற்றிப் போக அவசரமாக அனுமதி வேண்டுமென்றால் விமானி 'வெதர் டீவியேஷன் ரிக்வயர்ட்' என்று சொல்வார், அதைக் கேட்டதும் கட்டுப்பாட்டாளர் அவருக்கு முன்னுரிமை கொடுப்பார். இன்னும் நிலைமை இறுகினால் 'பான் பான்' என்று மூன்று தடவை சொல்லித் தொடங்கலாம். சொல்லைச் சரியாகப் போடாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1990 சனவரி 25 இரவு நியூயோர்க்கில் நடந்ததைப் படிக்க வேண்டும். கொலம்பியாவில் இருந்து வந்த அவியாங்கா 52 விமானத்தை, மோசமான வானிலையால் ஏற்பட்ட நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வானிலேயே சுற்றவிட்டார்கள். இறங்கப் பார்த்தபோது விண்ட் ஷியர், அதாவது காற்றின் வேகமோ திசையோ சட்டென்று மாறுவது, இறங்க முடியவில்லை. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று துணை விமானி சொன்னார், 'எமர்ஜென்சி' என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை இறங்க முன்னரே எஞ்சின்கள் நின்றுபோய், விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். வாசகங்களைப் பாடமாக்குவது வெறும் பரீட்சைக் கூத்து என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். ஆனாலும் வாசகங்கள் நிறைய இடங்களில் முடிந்துபோகும், மிச்சத்தைச் சாதாரண ஆங்கிலத்தில்தான் சொல்லியாக வேண்டும். 4ஆம் நிலைக்குப் பரீட்சிப்பதும் இந்த மிச்சத்தையும் சேர்த்துத்தான்.

நாலாவது, கேட்பது. உண்மையான வானொலி உரையாடல்களின் பதிவுகள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. காது பழக இதைவிட்டால் வேறு இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதிகம் கிடைப்பது அமெரிக்கப் பதிவுகள், அங்கே பார்வைத் தூரத்தை மைலில் சொல்வார்கள், அழுத்தத்தை அங்குலக் கணக்கில் 'அல்டிமீற்றர்' என்று சொல்வார்கள். நம்மிடம் தூரத்துக்கு மீற்றர், கிலோமீற்றர், அழுத்தத்துக்கு ஹெக்டோபஸ்கால், கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அழுத்தத்தைக் கியூஎன்எச் என்பார்கள். தொடக்கத்திலேயே அமெரிக்கப் பதிவில் விழுந்த பிள்ளைக்கு இரண்டும் குழம்பிவிடும். ஆகவே விமான நிலையத்தின் வானிலையைச் சொல்லும் ஏட்டிஸ் எனப்படும் பதிவு அறிவிப்பில் தொடங்குங்கள், அதுவும் ஐரோப்பிய அல்லது ஆசிய நிலையங்களின் அறிவிப்பு. வரிசை மாறாது, தெளிவாக இருக்கும், பேனை எடுத்து எழுதி மெட்டாரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சரி, பேசுவது எங்கே? இந்த நாலில் எதுவும் அதைத் தானாகத் தராது, ரியூசன் காசு இல்லாத பிள்ளைக்கும் அது முடியும். சித்திரை மாதத்துப் பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் நின்று மேற்கே பாருங்கள். மத்தியானம் பஞ்சுபோல இருந்த மேகம் நாலு மணிக்குள் உயர்ந்து அடி கறுத்துவிடும், கொஞ்சத்தில் உள்நாட்டுப் பக்கம் இடி கேட்கும், சில வேளை இருந்தாற்போல் குளிர்ந்த காற்று ஒன்று வந்து மணலைக் கிளப்பும். அதை ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் விடாமல் சொல்லுங்கள்: எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், கூடுகிறதா குறைகிறதா, எந்தப் பக்கமாக நகர்கிறது, அதற்குள் விமானம் போனால் என்ன நடக்கும். தொலைபேசியில் பதிவுசெய்து அன்றிரவே கேளுங்கள். கூட்டாளி ஒருவர் இருந்தால் ஒருவர் விமானி, மற்றவர் டவர், அதாவது கட்டுப்பாட்டுக் கோபுரம். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்காருங்கள், கைச்சாடையும் முகமும் உதவிக்கு வராது, வானொலியிலும் அப்படித்தான். விளங்காவிட்டால் தலையாட்டாமல் 'சே அகெய்ன்', அதாவது திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பழகுங்கள், உரையாடும் திறனுக்கு வரும் புள்ளி அதில்தான் இருக்கிறது.

விமானியாகப் போகிறவர் இந்த விவரிப்புப் பயிற்சிக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும். கட்டுப்பாட்டாளராகப் போகிறவருக்கு முதல் தேவை காதும் எண்ணும். பல நாட்டு உச்சரிப்பில் வருவதைப் பிடிக்க வேண்டும், காற்றையும் கியூஎன்எச்சையும் இலக்கம் இலக்கமாகத் தடுமாறாமல் சொல்ல வேண்டும், ஒரு விமானி சொன்ன டர்பியூலன்ஸ், அதாவது காற்றுக் குலுக்கல், லைட்டா மொடரேட்டா சிவியரா என்று கேட்டுத் தெளிந்து அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். மெட்டாரில் காற்றின் திசை உண்மை வடக்கை வைத்தும், டவர் சொல்வது காந்த வடக்கை வைத்தும் இருக்கும். நம் நாட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சொற்பம், ஆனால் நேர்முகத்தில் கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டும்.