ஆபீஸ் விட்டு வந்த பிறகு: நடையா, சைக்கிளா?

சாயங்காலம் உடற்பயிற்சியும் ஆக வேண்டும், வீட்டுச் சாமானும் வாங்க வேண்டும். மயிலாப்பூர்க்காரர்கள் என்ன செய்யலாம்?

செலவு: நடைக்கு நல்ல செருப்பு போதும். சைக்கிளுக்கு பஞ்சர், பிரேக் கட்டை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும்.

சுமை: சைக்கிள்தான். 5 கிலோ அரிசியைக் கேரியரில் கட்டிவிடலாம். கையில் தூக்கினால் லஸ் முனை வருவதற்குள் விரல் சிவந்துவிடும்.

உடம்பு: உடல் எடையை சீட் தாங்குவதால் மூட்டு வலிக்காரர்களுக்கு சைக்கிள் லேசு. ஆனால் தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைக் கூட்டத்துக்கு நடுவே எங்கே மிதிப்பது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அதற்கு நாகேஸ்வர ராவ் பூங்காவில் நாலு சுற்று நடந்துவிட்டு அப்படியே கீரை வாங்கி வரலாம்.

கீரை, மருந்து மட்டும் என்றால் நடை. அரிசி, எண்ணெய் என்றால் சைக்கிள், அப்புறம் பூட்டை மறந்துவிடாதீர்கள்.