பழைய மேக் எழுத்துருவை மீட்க ஃபாண்டு: எதுவரை நம்பலாம்?

பழைய மேக்கின்டாஷ் எழுத்துருவை விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ கொண்டுவர முதலில் எடுக்க வேண்டிய கருவி, இன்றைக்கும், ஃபாண்டு (fondu) என்ற கட்டளைவரி நிரல்தான். எழுத்துருக்களைத் திருத்தும் மென்பொருளான ஃபாண்ட்ஃபோர்ஜை உருவாக்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் எழுதியது. இலவசம். டெபியன் லினக்ஸிலும், மேக்கில் நிரல்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூவிலும் கிடைக்கிறது. கிடைப்பது 2006-ஆம் ஆண்டுப் பதிப்புதான், ஆனால் அது படிக்க வேண்டிய கோப்புகளும் அந்தக் காலத்தவையே. அதனால் குறையொன்றும் இல்லை.

பெரும்பாலும் சிக்கல் ஃபாண்டுவிடம் கோப்பு வந்து சேர்வதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பழைய மேக் எழுத்துருவின் சரக்கு முழுவதும் ரிசோர்ஸ் ஃபோர்க் என்ற தனி அறையில் இருக்கும். மற்ற கணினிகள் கோப்பு என்று பார்க்கும் டேட்டா ஃபோர்க் காலி. பென்டிரைவில் போட்டு விண்டோஸில் பார்த்தால் 0 பைட் என்று காட்டுவது இதனால்தான். கூடவே புள்ளியும் அடிக்கோடும் முன்னால் ஒட்டிய மறைகோப்பு ஒன்று வந்திருக்கும். குப்பை என்று அதை அழித்தால் எழுத்துரு போயே போச்சு.

ஆகவே மேக்கிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். டெர்மினலில், கோப்பின் பெயருக்குப் பின் சாய்கோடு, இரண்டு புள்ளி, நேம்டுஃபோர்க், மறுபடி சாய்கோடு, ஆர்எஸ்ஆர்சி என்று (/..namedfork/rsrc) சேர்த்து, கேட் (cat) கட்டளையால் டிஃபாண்ட் (.dfont) பின்னொட்டுள்ள புதுக்கோப்பில் கொட்டிவிடலாம். டிஃபாண்ட் என்பது அதே சரக்கு டேட்டா ஃபோர்க்குக்குக் குடிமாறியதுதான். எந்த வட்டில் போட்டாலும் உதிராது. இரண்டு ஃபோர்க்குகளையும் ஒரே கோப்பில் கட்டிய மேக்பைனரி, பின்ஹெக்ஸ் பொதிகளாக இருந்தால் ஃபாண்டு அப்படியே படித்துவிடும்.

பிறகு fondu என்ற கட்டளை, ஓர் இடைவெளி, கோப்பின் பெயர். அவ்வளவே. ட்ரூடைப் வகை எழுத்துரு இருந்தால் டிடிஎஃப் கோப்பாகவும், அடோபியின் பழைய டைப் 1 வகை இருந்தால் பிஎஃப்பி கோப்பாகவும் பிரித்துக் கொடுக்கும். டைப் 1-இல் ஒரு கவனம்: எழுத்தின் வரைவு ஒரு கோப்பில், கெர்னிங் அளவுகள் (எழுத்து ஜோடிகளின் இடைவெளி) சூட்கேஸ் எனப்படும் இன்னொரு கோப்பில். இரண்டையும் ஒரே கட்டளையில் கொடுத்தால்தான் அந்த அளவுகள் அடங்கிய ஏஎஃப்எம் கோப்பு கிடைக்கும்.

இவ்வளவையும் பிசிறில்லாமல் செய்யும் ஃபாண்டு, இங்கேயே நின்றுவிடுகிறது. வெளியே வரும் டிடிஎஃப், உள்ளே இருந்த அதே பொருள்தான். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் சிமேப் அட்டவணையில் மேக் பகுதி மட்டும் இருக்கும், விண்டோஸ் தேடும் ஓஎஸ்/2 அட்டவணையே இல்லாமலும் இருக்கலாம். விண்டோஸ் "செல்லாத எழுத்துரு" என்று திருப்பி அனுப்பினால் காரணம் இதுவே. ஃபாண்ட்ஃபோர்ஜில் திறந்து, ஜெனரேட் ஃபாண்ட்ஸ் போய், ஆப்ஷன்ஸில் ஆப்பிளை எடுத்துவிட்டு ஓப்பன்டைப்பைத் தேர்ந்து மறுபடி உருவாக்குங்கள். டைப் 1 என்றால், அதே வகை வளைவுகளைத் தாங்கும் ஓடிஎஃப் கோப்பாகவே எடுங்கள். டிடிஎஃப்புக்கு மாற்றினால் வளைவுகள் தோராயமாகிவிடும். பிஎஃப்பியாகவே விட்டுவைப்பதும் வீண், 2023 ஜனவரியோடு அடோபி டைப் 1 ஆதரவை நிறுத்திவிட்டது.

ஃபாண்ட்ஃபோர்ஜின் ஃபாண்ட் இன்ஃபோவில் விண் அசென்ட், விண் டிசென்ட் எண்களையும் (விண்டோஸ் எழுத்துக்கு மேலும் கீழும் விடும் இடம்) பாருங்கள். எழுத்தின் உயரத்தைவிடக் குறைவாக இருந்தால், 'கீ'யின் மேலே இருக்கும் சுழி விண்டோஸ் திரையில் வெட்டுப்படும்.

யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எழுத்துரு மாறும்; அதில் தட்டிய உரை தானாக மாறாது. பழைய மேக்கின் குறியாக்கமான மேக் ரோமனில் 138-ஆம் இடம் இரட்டைப்புள்ளி ஏ (ä). விண்டோஸின் குறியாக்கமான 1252-இல் அதே எழுத்து 228-இல் இருக்கிறது. மேக்கில் 138-இல் உட்கார்ந்திருந்த தமிழ் எழுத்து, மாற்றத்துக்குப் பின் 228-க்குப் போய்விடும். பழைய உரைக்கோப்போ இன்னும் 138 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அங்கே கட்டமோ வேறோர் எழுத்தோ வரும். உரைக்கோப்பை, குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் (iconv) கட்டளையில் மேக்கின்டாஷிலிருந்து யூடிஎஃப்-8-க்கு மாற்றுங்கள். எழுத்துகள் தத்தம் இடத்தில் வந்து நிற்கும். அது இன்னும் தமிழ் யூனிகோடு அல்ல, அந்த எழுத்துருவோடு மட்டும் படிக்க முடிகிற உரை. தேடக்கூடிய தமிழாக வேண்டுமென்றால், அந்த எழுத்துருவின் குறியாக்கத்துக்கு ஏற்ற மாற்றியில் இன்னொரு முறை ஓட்ட வேண்டும்.