கிளை இழையா, நேர்வரிசையா? இணைய உரையாடலை அடுக்கும் முறைகள்

இணையவழி உரையாடலை அடுக்கிக் காட்டுவதற்கு மூன்று முறைகள் பரவலாக உள்ளன. செய்திகளை வந்த நேரப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்துவது நேர்வரிசை. ஒவ்வொரு பதிலையும் அது எந்தச் செய்திக்கு எழுதப்பட்டதோ அதனடியில் உள்தள்ளிக் காட்டுவது கிளை இழை. ஒரு செய்தியிலிருந்து பதில்களை ஒரே ஒரு மட்டம் மட்டும் பிரிய விடுவது பக்க இழை. இவற்றுள் எது பார்வைக்கு எளிது என்பதைவிட, எந்தப் பதில் எந்தச் செய்திக்கு உரியது என்பதை எது தவறாமல் பதிந்து வைக்கிறது என்பதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

நேர்வரிசையின் குறை மூன்றே வரிகளில் வெளிப்பட்டுவிடும். ஒருவர் "கூட்டத்தை வியாழனுக்குத் தள்ளிவைக்கலாமா?" என்று கேட்கிறார், அடுத்த நொடியே மற்றொருவர் "அறிக்கையை இன்றே அனுப்பிவிடட்டுமா?" என்கிறார், மூன்றாமவர் "வேண்டாம்" என்று எழுதுகிறார். எது வேண்டாம் என்பதை அப்போது உடனிருந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். மறுநாள் படிப்பவருக்கு அதற்கு வழியில்லை. வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் முந்தைய செய்தியை மேற்கோளாக இணைத்துப் பதிலளிக்கும் வசதி இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது என்றாலும், அவசரத்தில் எழுதுபவர்கள் பலர் அதைத் தொடுவதேயில்லை.

கிளை இழையின் வலிமை திரையில் தெரியும் உள்தள்ளலில் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் பதிவில் இருக்கிறது. மின்னஞ்சலையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மடலுக்கும் மெசேஜ்-ஐடி என்னும் தனி அடையாளம் உண்டு. பதில் மடலின் தலைப்பகுதியில், எந்த மடலுக்குப் பதில் என்பதை இன்-ரிப்ளை-டு என்னும் புலமும் (தகவல் பதியும் இடமும்), அதற்கு முந்தைய மடல்களின் தொடரை ரெஃபரன்சஸ் என்னும் புலமும் சுமந்து செல்கின்றன. இரண்டு புலங்களின் பெயர்களும் மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுத்து 1982-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 822 ஆவணத்திலேயே காணப்படுகின்றன. இடையில் ஒரு மடல் வந்து சேராமல் போனாலும், முந்தைய மடல்களின் வரிசை கையில் இருப்பதால் அடுத்த மடலை உரிய கிளையில் பொருத்திவிட முடியும். 2004-இல் அறிமுகமான ஜிமெயில் இத்தகைய மடல்களைக் கிளைகளாக விரிக்காமல் ஒரே அடுக்காகக் காட்டுகிறது. பொருள் வரி மாறினாலோ, மடல்கள் நூறைத் தாண்டினாலோ புதிய அடுக்கைத் தொடங்கிவிடுகிறது. அப்போதும் மடல்களுக்குள் இருக்கும் உறவு அழிவதில்லை. கிளைகளாகச் சேமித்ததை எப்போது வேண்டுமானாலும் நேர வரிசையில் காட்டலாம். உறவைப் பதியாமல் சேமித்த வரிசையைப் பின்னர் கிளைகளாகப் பிரிப்பது ஊகவேலையாகவே முடியும்.

கிளை இழையிலும் இடர்கள் உண்டு. ஆழம் கூடக் கூடக் கைபேசித் திரையில் வரிகள் ஓரத்துக்கு ஒதுங்கி நெரிகின்றன. திரும்பி வருபவர் புதிய பதில்களைக் கிளை கிளையாகத் தேட வேண்டியிருக்கிறது. ஒரே கருத்து இரு கிளைகளில் ஒன்றையொன்று அறியாமல் ஓடுகிறது.

அலுவலகக் குழுக்களுக்கான உரையாடல் செயலியான ஸ்லாக் 2017-இல் கொண்டுவந்த பக்க இழை இந்த ஆழத்தைத் தவிர்க்கிறது. ஆனால் இழைக்குள் மீண்டும் நேர்வரிசைதான். அதோடு, குழுவினர் அனைவரும் காணும் பொது ஓடைக்கும் அனுப்பு என்று குறித்தாலன்றி, இழைக்குள் எடுத்த முடிவு மற்றவர்கள் கண்ணில் படாமல் போகக்கூடும். இதற்கு மாறாக, ஸூலிப் என்னும் குழு உரையாடல் செயலி ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு தலைப்பைக் கேட்கிறது, தவறான தலைப்பில் விழுந்த செய்திகளைப் பின்னர் இடம் மாற்றவும் விடுகிறது.

நான்கைந்து பேர் உடனுக்குடன் முடிவெடுக்கும் வேலைக்கு மேற்கோள் வசதியுள்ள நேர்வரிசையே போதும். நாள்கணக்கில் நீளும், பங்கேற்காதவர்களும் பின்னர் படிக்க வேண்டிய விவாதத்துக்குக் கிளை இழையையே பரிந்துரைப்பேன். பக்க இழையைத் தேர்ந்தெடுக்கும் குழு, எட்டப்பட்ட முடிவைப் பொது ஓடையில் அறிவிக்கும் பொறுப்பை ஒருவரிடம் தெளிவாக ஒப்படைத்துவிட வேண்டும்.