லேப்டாப் சத்தம் ஹியரிங் எய்டுக்கு மட்டும்: நேரடி ப்ளூடூத்தா, ஸ்ட்ரீமரா?

பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் லேப்டாப் ஒலியைக் காதுக் கருவிக்குள் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு.

நேரடி ப்ளூடூத்தில் கூடுதலாக எதுவும் வாங்க வேண்டாம். இணைந்துவிட்டால் இதைவிடச் சுகம் வேறில்லை, இணைவதுதான் பாடு. போனோடு சேரும் கருவி லேப்டாப்போடும் சேரும் என்று நம்பிவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு போனிலிருந்து கருவிக்கு ஒலி அனுப்பும் ஆஷா (ASHA) முறை விண்டோஸில் கிடையாது. எல்.இ. ஆடியோ என்ற புதிய வகை ப்ளூடூத் ஒலிமுறையில் இயங்கும் கருவிக்கு விண்டோஸ் 11 மட்டும் போதாது, லேப்டாப்பின் ப்ளூடூத் சிப்பும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் ஒத்துழைக்க வேண்டும். ஐபோனுக்கென வந்த கருவிகள், எம்2 அல்லது அதற்குப் பிந்தைய சிப் உள்ள மேக்குகளில் சோனோமா (மேக்ஓஎஸ் 14) பதிப்பிலிருந்து சேரும். பழைய வகை ப்ளூடூத் கருவிகள் சாதாரண ஹெட்செட் போலவே இணையும். ஆனால் மீட்டிங்கில் கருவியின் மைக் இயங்கத் தொடங்கியதும் ஒலித்தரம் பழைய டெலிபோன் அளவுக்கு இறங்கிவிடும். லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஸ்ட்ரீமர் என்பது லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் வயரால் செருகும் சிறு பெட்டி, ஒலியை அங்கிருந்து வயரில்லாமல் காதுக் கருவிக்கு அனுப்பும். எந்த இயங்குதளம் என்ற கேள்வியே இல்லை. தாமதமும் பொதுவாகக் குறைவு, உதட்டசைவைப் பார்த்துக் கேட்பவர்களுக்கு இது பெரிய விஷயம். தனிச் செலவு உண்டு. பெரும்பாலும் அதே நிறுவனக் கருவியோடு மட்டுமே பேசும்.

செட்டிங்ஸ் மாற்ற அனுமதி இல்லாத அலுவலக லேப்டாப் என்றால் நான் ஸ்ட்ரீமரைத்தான் சொல்வேன்.