பத்மினிக்கு டிரம்மா, டிஸ்க்கா? ரேஸ் டிராக்குக்குப் போகும் முன் ஒரு கணக்கு

புதுச்சேரி கடற்கரைப் பக்கத் தெருக்களில் பழைய பிரீமியர் பத்மினி ஓட்டுபவருக்கு பிரேக் பெரிய கவலையாக இருக்காது. நாற்பதைத் தாண்ட இடமிருந்தால்தானே! அதே காரைத் திண்டிவனம் வழியாகச் சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோனால் நிலைமை வேறு. 3.7 கிலோமீட்டர் சுற்று, 12 வளைவுகள். “டிஸ்க் மாத்திடுங்க சார்” என்பார் ஒரு மெக்கானிக். “எதுக்குண்ணே, ஒரு பூஸ்டர் போட்டா போதும்” என்பார் இன்னொருவர். இருக்கிற டிரம்மையே சரி செய் என்று சொல்ல ஆள் குறைவு. டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம்; உள்ளே வளைந்த ஷூக்கள் விரிந்து அதைப் பிடித்து நிறுத்தும். டிஸ்க் என்பது சுற்றும் தட்டு; அதை இரண்டு பக்கமும் பேடுகள் கவ்வும். பூஸ்டர் என்பது கால் அழுத்தத்தைப் பெருக்கும் கருவி.

ஓட்டுநரோடு சேர்த்துச் சுமார் 1,000 கிலோ எடை. 110 கி.மீ. வேகத்திலிருந்து 50-க்கு இறக்கினால், ஏறக்குறைய 370 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறவேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கும் மேலான சூடு இது. அதுவும் சில நொடிகளில். அடுத்த வளைவில் மறுபடியும். டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் நடக்கும் போட்டியே இந்தச் சூட்டை எது சீக்கிரம் வெளியே தள்ளும் என்பதுதான். ஒரே ஒரு முறை அழுத்தி நிறுத்த நல்ல டிரம்மே போதும். பத்மினியின் ஒல்லி டயர் பிடிப்பை விடும் அளவுக்கு அது சக்கரத்தைப் பூட்டிவிடும். மூன்றாவது, நான்காவது சுற்றில்தான் வித்தியாசம் தெரியும்.

டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும். ஷூவின் மேலிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கின் பிடிப்பும் குறையும். பெடல் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கீழே போகும். டிஸ்க்கில் இது தலைகீழ்: விரிந்தால் பேடை நோக்கித்தான் தடிக்கும், இரண்டு பக்கமும் காற்றுப் படும். 1953-ல் லே மான் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் டிஸ்க் பிரேக்கோடு வென்றபோதே இது நிரூபணமாகிவிட்டது.

ஆனாலும் நான் டிரம்மில்தான் தொடங்கச் சொல்வேன். நம் ஊர்க் காரில் பாதிக் குற்றம் டிரம்முடையது அல்ல, ஆயிலுடையது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடலூர், புதுச்சேரிக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140. டாட் 4-க்கு இது 230, 155. கொதித்தால் குழாயில் ஆவி. பெடல் அடி வரை போகும், கார் நிற்காது. ஆயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் விலக்கிப் பாருங்கள். டீ நிறத்தில் கசிவும், உள்சுவரில் ஊசிமுனைக் குழிகளும் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கிட் மட்டும் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றவேண்டும். டிரம்மை லேத்தில் கடையலாம், ஆனால் மெலிந்த டிரம் இன்னும் சீக்கிரம் சூடாகும். பழைய லைனிங் தூளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் கம்ப்ரசர் காற்றால் ஊதவே கூடாது.

பூஸ்டர்? கால் வலி குறையும், அவ்வளவுதான். சூட்டைப் பற்றி அது ஒன்றும் செய்யாது. சூட்டில் பிடிப்பு மங்கும் டிரம்மோடு பூஸ்டரைச் சேர்த்தால் தப்பான நம்பிக்கைதான் மிச்சம்.

டிஸ்க்தான் உண்மையான மேம்பாடு, செலவும் அதற்கேற்ப. பேடுகளைத் தாங்கி அழுத்தும் கேலிப்பர், பழைய மாருதியுடையது மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது முன்சக்கரம் இழுக்கிற கார், அதன் ஹப் (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதி) பத்மினியின் ஸ்டப் ஆக்சில் என்ற முன்சக்கர அச்சுமுனையில் உட்காராது. டிஸ்க்கை ஏற்ற ஹப்பைக் கடையவேண்டும், கேலிப்பருக்குத் தடித்த இரும்புத் தகட்டில் பிராக்கெட் வெட்டவேண்டும். இதை லேத்காரர் செய்துவிடுவார். பலரும் கோட்டை விடுவது, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரில். டிரம்முக்கான மாஸ்டரில் பெரும்பாலும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் ஒரு வால்வு உண்டு. அதை எடுக்காமல் டிஸ்க்கில் இணைத்தால் பேட் உரசிக்கொண்டே இருக்கும், மூன்று சுற்றில் புகை வரும். டிரம் ஷூவில் ஒன்று சுழற்சியின் போக்கில் தானாகவே இறுகி உதவும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, அதிக அழுத்தம் தேவை. பூஸ்டருக்கு வேலை வருவது இங்கேதான். முன்னும் பின்னும் தனித்தனிக் குழாய் உள்ள இரட்டை மாஸ்டரையும் அப்போதே போட்டுவிடுங்கள். ஒரு குழாய் வெடித்தாலும் மற்றது நிறுத்தும். பின்னால் டிரம்மே இருக்கட்டும், ஆனால் முன்னதற்கு முந்தி அது பூட்டிக்கொள்ளாதபடி அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வேண்டும். இல்லையென்றால் வளைவில் வால் வீசும்.

விதியையும் பார்க்கவேண்டும். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் பழங்கார்ப் பந்தய விதிகள் அந்தக் காலத்து அமைப்பையே கேட்கின்றன. அந்த வகுப்பில் ஓட நினைத்தால் டிஸ்க் கனவை மறந்துவிடலாம். 50 வயது தாண்டிய காரை விண்டேஜாகப் பதிவுசெய்ய 2021-ல் வந்த மத்திய விதிகளும் மூல வடிவத்தை வலியுறுத்துகின்றன. எனவே எதையும் வெட்டி வெல்டு அடிக்காமல், போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிற மாதிரி வேலையைச் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய டிரம்களைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

வருடத்துக்கு ஓரிரு முறை டிராக் போகிறவருக்கு: புது வீல் சிலிண்டர்கள், நல்ல லைனிங், ஒவ்வொரு முறையும் புது டாட் 4, இரட்டை மாஸ்டர். மாதாமாதம் போகிறவருக்கு முன்னால் டிஸ்க். எதுவானாலும் சுற்றை முடித்து பிட்டுக்கு (டிராக் ஓரத்து நிறுத்துமிடத்துக்கு) வந்ததும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள். சூடான டிரம் ஆறும்போது சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.